விளையாட்டுப் பொருளும் விண்ணூர்தியும்

நொய்யலாற்றின் கரையில் அமைந்த திருப்பூர், பின்னலாடைத் தொழிலால் உலகறிந்த நகரம். அங்கே பகலென்றும் இரவென்றும் பாராது பொறிகள் சுழன்றுகொண்டே இருக்கும். வட்டப் பின்னற்பொறி சுழல, நூல் துணியாகும். தையற்பொறி சுழல, துணி பனியனாகும். சுழற்சியே அவ்வூரின் வாழ்வு எனலாம். அவ்வூருக்கு மேற்கே, சூலூரில், இந்திய வான்படையின் தளம் ஒன்று உளது. அங்கிருந்து எழும் ஹெலிகாப்டர்கள் சிற்சில வேளைகளில் ஆலைக் கூரைகளின்மேல் முழங்கிச் செல்லும். அவ்வொலி கேட்டதும் தெருவில் விளையாடும் சிறுவர் யாவரும் தலைநிமிர்ந்து நோக்குவர்.

அங்ஙனம் நோக்கிய சிறுவருள் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், தானும் ஒரு சிறு ஹெலிகாப்டர் செய்ய முனைந்தான். நூல் சுற்றி வரும் தாட்கூம்பினை, அதாவது தொழிலாளர் கோன் என்று வழங்கும் பொருளை, அறுத்து முகப்பாக்கினான். பனியன் அடுக்கும் அட்டைப் பெட்டியை வெட்டி உடலாக்கினான். மூங்கிற் சிம்புகள் இறக்கைகள் ஆயின. பழுதுற்ற பொம்மை ஒன்றிலிருந்து எடுத்த சிறு மின்பொறி அவற்றைச் சுழற்றிற்று. பின்னர் அதற்குப் பச்சை வண்ணம் பூசி, நிலப்படத்தில் எங்குமில்லாத ஒரு நாட்டின் படைச் சின்னத்தைத் தானே புனைந்து எழுதினான். எழுதித் தீர்ந்த பேனாக் குழல்கள் நான்கினை இரு புறமும் ஒட்டித் துப்பாக்கிகள் என்றான்.

ஆயின், அவ்வூர்தியை நூலிற் கட்டித் தொங்கவிட்டு மின்கலத்தை இணைத்தபோது எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. இறக்கைகள் வலப்புறம் சுழல, உடல் இடப்புறம் சுழலத் தொடங்கிற்று. நூல் முறுக்கேறி அறுந்தது. ஊர்தி தரையில் வீழ்ந்தது. அவன் அதனை ஏந்திக்கொண்டு என் இல்லத்திற்கு வந்து, இதற்குக் காரணம் யாது என வினவினான். யான் தமிழ் பயிற்றியவன். பொறியியல் பயின்றவன் அல்லேன். எனினும், இதே இடர்ப்பாட்டோடு வாழ்நாளிற் பெரும்பகுதி போராடிய ஒருவரின் வரலாற்றைப் படித்திருந்தேன். அதனை அவனுக்குச் சொன்னேன். அவ்வரலாறே இப்பாடம்.

அவர் பெயர் இகோர் சிகோர்ஸ்கி. இன்று உக்ரைன் நாட்டின் தலைநகராக விளங்கும் கீவ் நகரம், அந்நாளில் உருசியப் பேரரசைச் சார்ந்திருந்தது. அந்நகரில் 1889ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள் அவர் பிறந்தார். உடன்பிறந்தார் ஐவருள் அவரே இளையவர். தந்தையார் மனநோய் மருத்துவத்திலும் உளநூலிலும் புகழ்பெற்ற பேராசிரியர். தாயார் மருத்துவம் பயின்றவர். எனினும் மருத்துவத் தொழிலை மேற்கொள்ளாமல் இல்லத்திருந்து மக்களுக்குக் கல்வி புகட்டினார். இத்தாலிய நாட்டு அறிஞர் லியனார்டோ டா வின்சி, திருகாணி போன்ற அமைப்பினால் நேரே மேலெழும் பறவைப் பொறி ஒன்றனை நெடுங்காலத்திற்கு முன்னரே வரைந்து வைத்த செய்தியை அவ்வம்மையார் மகனுக்கு எடுத்துரைத்தார். பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் எழுதிய கற்பனைக் கதைகளும் அச்சிறுவனின் உள்ளத்தைக் கவர்ந்தன.

கேட்ட கதையைக் கேட்ட அளவில் விட்டுவிடாது, கையாற் செய்து பார்த்தலே அவரது இயல்பு. பன்னிரண்டாம் வயதில் அவர் ஒரு சிறு ஹெலிகாப்டர் மாதிரியைச் செய்தார். முறுக்கிய இரப்பர்ப் பட்டையே அதன் ஆற்றல். முறுக்கு அவிழ, இறக்கை சுழல, அச்சிறு பொருள் தரைவிட்டு எழுந்தது. அந்நாளில் மனிதனை ஏற்றிப் பறக்கும் விமானம் எதுவும் உலகில் இல்லை. ரைட் உடன்பிறப்பினர் விண்ணில் எழுந்ததே அதற்குப் பின்னர், 1903ஆம் ஆண்டின் இறுதியில்தான்.

அவ்வாண்டிலேயே சிகோர்ஸ்கி தலைநகராகிய பீட்டர்ஸ்பர்க்கில் கடற்படைப் பள்ளியிற் சேர்ந்தார். ஆயினும் அவர் மனம் பொறியியலையே நாடிற்று. 1906ஆம் ஆண்டு அப்பள்ளியை விட்டு நீங்கிச் சிலகாலம் பாரிசில் பயின்று, பின் கீவ் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்தார். 1908ஆம் ஆண்டு தந்தையாருடன் செருமனிக்குச் சென்றிருந்தபோது ரைட் உடன்பிறப்பினரின் வெற்றிச் செய்தியை நாளிதழிற் படித்தார். தம் வாழ்க்கைத் தொழில் பறத்தலே என அன்றே துணிந்தார்.

தமக்கையார் ஒருவர் பொருளுதவ, 1909ஆம் ஆண்டு பாரிசுக்குச் சென்று 25 குதிரைத்திறன் கொண்ட எந்திரம் ஒன்றனை வாங்கினார். அங்கிருந்த பறத்தற்கலை வல்லுநர், ஹெலிகாப்டர் முயற்சி வீண் என்றும், இறக்கை நிலைத்த விமானமே செய்யத்தக்கது என்றும் அறிவுறுத்தினர். இளைஞரோ அவ்வறிவுரையை ஏற்கவில்லை. ஊர் திரும்பி, இல்லத்துத் தோட்டத்திலேயே ஹெலிகாப்டர் கட்டினார்.

இங்கே நம் மாணவனின் வினாவிற்கு விடை காணல் வேண்டும். வீட்டுக் கூரையில் மாட்டிய மின்விசிறியை நோக்குக. அதன் எந்திரம் இறக்கைகளை ஒரு திசையில் தள்ளுகிறது. தள்ளும்போது தானும் எதிர்த்திசையில் தள்ளப்படுகிறது. ஒவ்வொரு வினைக்கும் ஒத்த எதிர்வினை உண்டு என்பது நியூட்டன் கண்ட விதியன்றோ! விசிறியின் தண்டு கூரைக் கொக்கியில் இறுகப் பிணைந்திருத்தலின் அதன் உடல் அசையாது நிற்கிறது. வானில் எழும் ஹெலிகாப்டரைப் பிடித்துக்கொள்ளக் கூரை இல்லை, கொக்கியும் இல்லை. ஆகவே, இறக்கை ஒருபுறம் சுழல, உடல் மறுபுறம் சுழலும். அதனுள் அமர்ந்தவன் பம்பரத்தின்மேல் அமர்ந்தவன் ஆவான்.

இவ்விடரை நீக்கச் சிகோர்ஸ்கி முதலில் மேற்கொண்ட வழி, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சுழலிறக்கைகளை அமைத்து, அவற்றை எதிரெதிர்த் திசைகளிற் சுழலச் செய்தலாகும். ஒன்றன் எதிர்வினையை மற்றொன்று ஈடுசெய்யும். கருத்து நன்றே, ஆயின் எந்திரத்தின் வலிமை போதவில்லை. பொறி நடுங்கிற்றேயன்றி மேலெழவில்லை. 1910ஆம் ஆண்டில் இரண்டாவது ஹெலிகாப்டர் செய்தார். அது தன் எடையைத் தான் தூக்கியது. ஆனால் ஓட்டுநர் ஒருவரையும் சுமந்து எழும் ஆற்றல் அதற்கு இல்லை.

இருபத்தோராம் வயதில் சிகோர்ஸ்கி ஓர் உண்மையை ஒப்புக்கொண்டார். வலிமை மிக்கதும் எடை குறைந்ததுமான எந்திரம் வாய்க்கும் வரை ஹெலிகாப்டர் பறவாது. அதற்குரிய அறிவும் தமக்கு இன்னும் நிரம்பவில்லை. இங்ஙனம் உணர்ந்து அவ்வேலையை நிறுத்தினார். நிறுத்தினாரே தவிர, கைவிட்டாரல்லர். விதைநெல்லைக் கோட்டையிற் சேமித்துப் பருவம் பார்த்திருக்கும் உழவர்போல், அவ்வெண்ணத்தை நெஞ்சிற் காத்து வைத்தார்.

பின்னர் விமானம் கட்டும் பணியில் இறங்கினார். ஒருமுறை பறந்துகொண்டிருக்கையில் எந்திரம் நின்று, விமானம் தரையில் மோதிற்று. அவர் அரிதின் உயிர் பிழைத்தார். ஆராய்ந்தபோது, எரிபொருள் செல்லும் நுண்துளையில் ஒரு கொசு அடைத்துக்கொண்டிருந்தமை தெரிய வந்தது. ஒரு கொசுவினால் ஓர் உயிர் போதல் தகுமோ என அவர் எண்ணினார். ஓர் எந்திரம் நின்றாலும் மற்றவை காக்குமாறு, நான்கு எந்திரங்கள் பூட்டிய விமானத்தைக் கட்டினார். பலர் அது பறவாது என்றனர். 1913ஆம் ஆண்டு அது பறந்தது. நான்கு எந்திர விமானங்களுள் உலகில் முதலாவது அதுவே. அதனைத் தொடர்ந்து இலியா மூரமெட்ஸ் என்னும் பெருவிமானத்தைச் செய்து, 1914ஆம் ஆண்டு பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து கீவ் நகருக்குச் சென்று மீண்டார். மூடிய அறையும் மின்விளக்கும் உடைய அவ்விமானம் பயணிகளுக்கென்றே எண்ணப்பட்டது.

ஆயின் அவ்வாண்டிலேயே முதல் உலகப்போர் மூண்டது. பயணிகளைச் சுமக்க வந்த விமானம் குண்டுகளைச் சுமக்கலாயிற்று. எழுபதுக்கு மேற்பட்ட விமானங்கள் அவ்வகையிற் கட்டப்பட்டன. தம் கையால் ஆக்கிய பொருள் அழிவுக்கும் பயன்படும் என்பதைச் சிகோர்ஸ்கி இளமையிலேயே கண்டார்.

1917ஆம் ஆண்டு உருசியாவில் புரட்சி தோன்றிற்று. மறு ஆண்டு சிகோர்ஸ்கி தாய்நாட்டை விட்டு நீங்கினார். பிரான்சில் சிலகாலம் தங்கி, 1919ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நியூயார்க் வந்து சேர்ந்தார். கையிற் பொருள் இல்லை. நாவில் ஆங்கிலமும் நிரம்ப இல்லை. போர் முடிந்துவிட்டமையால் விமானப் பொறியாளரை விரும்புவார் எவருமிலர். பெருவிமானம் கண்டவர், தம்போல் நாடிழந்து வந்த உருசியத் தொழிலாளர்க்குக் கணக்குக் கற்பித்து வயிறு வளர்த்தார்.

1923ஆம் ஆண்டில் நண்பர் ஒருவரின் கோழிப்பண்ணையில் சிறு தொழிலகம் தொடங்கினார். நாடிழந்த உருசியரே அவருக்குத் துணைவர். பழைய பொருள் விற்பாரிடம் கிடைத்த உறுப்புகளைக் கொண்டும் விமானம் கட்டினர். பணம் அறவே வற்றிய நேரத்தில், புகழ்வாய்ந்த இசைவாணர் ராக்மானினாவ் 5,000 டாலருக்குப் பங்குகள் வாங்கி உதவினார். அவ்வாறு உருவான விமானம் 1924ஆம் ஆண்டு முதன்முறை எழுந்தபோதே தரையில் மோதிச் சிதைந்தது. அதனைச் செப்பனிட்டு மீண்டும் பறக்கவிட்டனர். 1926ஆம் ஆண்டு, நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குப் பறக்க முயன்ற அவரது மற்றொரு விமானம் புறப்படும்போதே எரிந்து இருவர் உயிரிழந்தனர். அத்துன்பத்தையும் தாங்கிப் பணியைத் தொடர்ந்தார். பின்னர் நீரிலும் தரையிலும் இறங்கவல்ல விமானங்களைச் செய்து பெரும்புகழ் பெற்றார். கடல் கடந்த நாடுகளுக்கு அவ்விமானங்கள் பயணிகளைச் சுமந்து சென்றன.

இத்துணை ஆண்டுகளிலும் பழைய எண்ணம் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. ஓய்ந்த வேளைகளில் ஹெலிகாப்டர் பற்றிக் கணக்கிட்டும் வரைந்தும் வந்தார். 1931ஆம் ஆண்டு அதற்கான காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். 1938ஆம் ஆண்டு, பெரிய பறக்கும் படகுகளை வாங்குவார் அருகியமையால், அவரது பிரிவை மூடிவிட மேலாளர் முடிவு செய்தனர். பிறராயின் இடிந்து போயிருப்பர். சிகோர்ஸ்கியோ, சிறு குழுவினரைத் தம்முடன் வைத்துக்கொண்டு ஹெலிகாப்டர் ஆராய இசைவு தருமாறு வேண்டினார். இசைவு கிடைத்தது.

இம்முறை அவர் கண்ட வழி எளியது. மேலே ஒரே ஒரு பெரிய சுழலிறக்கை. வாலின் நுனியில் பக்கவாட்டில் ஒரு சிறு சுழலிறக்கை. பெரிய இறக்கையின் எதிர்வினையால் உடல் திரும்ப முற்படும்போது, வாலில் உள்ள சிறிய இறக்கை அதனை எதிர்ப்புறமாகத் தள்ளி நேர்நிறுத்தும். கொக்கி செய்த வேலையை வால் செய்தது. எஃகுக் குழாய்களால் ஆன திறந்த உடல், 75 குதிரைத்திறன் எந்திரம், 28 அடி விட்டமுள்ள மூன்று இறக்கைகள் ஆகிய இவையே அப்பொறி. 1939ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 14ஆம் நாள், அமெரிக்காவின் ஸ்ட்ராட்ஃபோர்ட் நகரில் அது கயிறுகளாற் பிணைக்கப்பட்ட நிலையிற் சில நொடிகள் தரைவிட்டு எழுந்தது. அதில் அமர்ந்து ஓட்டியவர் ஐம்பது வயதுச் சிகோர்ஸ்கியே. முதல் தோல்விக்கும் இவ்வெழுச்சிக்கும் இடையே முப்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

ஹெலிகாப்டரை முதன்முதல் எழுப்பியவர் அவரே எனல் பொருந்தாது. பிரான்சு, செருமனி முதலிய நாடுகளில் அவருக்கு முன்னரே சிலர் வெற்றி கண்டிருந்தனர். ஆயினும், ஒரு பெரிய இறக்கையும் வாலில் ஒரு சிறிய இறக்கையும் கொண்ட அமைப்பைத் திருத்தமுறச் செய்து, பலரும் பயன்கொள்ளுமாறு ஆக்கிய பெருமை அவரையே சாரும். அதுவும் எளிதில் வந்ததன்று. அவரது பொறி ஒருமுறை கவிழ்ந்தது. பின்னும் பக்கமும் நன்கு பறந்த அது, நெடுநாள் முன்னோக்கிச் செவ்வனே பறக்க மறுத்தது. உறுப்புகளை மாற்றி மாற்றி அமைத்து அக்குறையையும் நீக்கினர். 1941ஆம் ஆண்டு மே மாதம் அது 1 மணி 32 நிமிடம் வானில் நின்று உலகச் சாதனை படைத்தது.

அக்காலம் இரண்டாம் உலகப்போர்க் காலம். அமெரிக்கப் படை ஹெலிகாப்டரை விரும்பியது. அதற்கென அவர் செய்த ஆர்-4 என்னும் ஊர்தி 1942ஆம் ஆண்டு சனவரியிற் பறந்தது. பெருந்தொகையாக ஆக்கப்பட்ட ஹெலிகாப்டர்களுள் முதலாவது அதுவே. பன்னிரண்டு வயதுச் சிறுவனின் விளையாட்டுப் பொருள் படைவண்ணம் பூண்டது.

அது களத்தில் ஆற்றிய முதற்பணிகள் யாவை? 1944ஆம் ஆண்டு சனவரியில் நியூயார்க் துறைமுகத்தருகே போர்க்கப்பல் ஒன்று வெடித்தது. கடும்பனியும் காற்றும் வழிமறிக்க, காயமுற்ற மாலுமிகளுக்கு வேண்டிய குருதி நீர்மத்தை ஹெலிகாப்டர் சுமந்து சென்றது. அவ்வாண்டு ஏப்பிரல் மாதம் பர்மாக் காட்டில், பகைவர் எல்லைக்குள் இறங்கிவிட்ட சிறு விமானத்தின் ஓட்டுநரும் காயமுற்ற வீரர் மூவரும் சிக்கித் தவித்தனர். நம் நாட்டின் அசாம் பகுதியில் உள்ள லாலாகாட் தளத்திலிருந்து ஆர்-4 ஒன்று அனுப்பப்பட்டது. வெப்பத்தால் எந்திரத்தின் வலிமை குன்றியிருந்தமையின், ஒரு முறைக்கு ஒருவரையே சுமக்க இயன்றது. நான்கு முறை சென்று நால்வரையும் மீட்டது. போர்க்களத்தில் ஹெலிகாப்டர் உயிர் மீட்ட முதல் நிகழ்ச்சி இதுவே. 1945ஆம் ஆண்டு நவம்பரில், புயலிற் சிக்கி உடையும் நிலையிலிருந்த படகினின்று இருவரைக் கயிற்றுப் பொறியால் ஹெலிகாப்டருக்கு இழுத்துக் காத்தனர். இது நிகழ்ந்தது சிகோர்ஸ்கியின் தொழிலகத்திற்கு அண்மைக் கடலிலேயே.

பிற்காலப் போர்களில் ஹெலிகாப்டர் துப்பாக்கியும் ஏவுகணையும் தாங்கி உயிர் பறித்ததும் உண்மையே. அதனை மறைத்தல் வரலாற்றுக்கு முறையன்று. அரிவாள் நெல்லையும் அறுக்கும், கழுத்தையும் அறுக்கும். பொறிக்கு அறம் இல்லை. அதனை இயக்கும் கைக்கே அறம் உண்டு. தம் வாழ்நாளிற் செய்தவற்றுள், ஹெலிகாப்டரால் காக்கப்பட்ட உயிர்களை எண்ணியே சிகோர்ஸ்கி பெருமகிழ்வு எய்தினார். 1957ஆம் ஆண்டு பணியினின்று ஓய்வு பெற்ற அவர், 1972ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 26ஆம் நாள், எண்பத்து மூன்றாம் வயதில் இயற்கை எய்தினார்.

நம் நாட்டு வான்படை முதன்முதல் பெற்ற ஹெலிகாப்டரும் அவர் நிறுவனத்து ஊர்தியே. 1954ஆம் ஆண்டு அது இங்கு வந்தது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை அழிவு செய்தபோதும், 2015ஆம் ஆண்டு சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோதும், உயிர்காக்க வந்த ஊர்திகளுள் ஹெலிகாப்டரும் ஒன்று என்பதை நாம் அறிவோம்.

இவ்வரலாற்றைக் கேட்ட மாணவன் ஒன்றும் பேசாது சென்றான். பத்து நாள் கழித்து மீண்டும் வந்தான். அவன் ஊர்தியின் வாலில் இப்போது மற்றொரு சிறு மின்பொறியும் இறக்கையும் இருந்தன. நூலிற் கட்டி இயக்கினான். உடல் சற்றே நடுங்கிற்று, ஆனால் சுழலவில்லை. நேராக நின்றது. பிறகுதான் மற்றொரு மாற்றத்தையும் கண்டேன். ஒரு பக்கத்துத் துப்பாக்கிகள் இரண்டும் நீங்கியிருந்தன. அவ்விடத்தில் ஒரு சிறு கயிறும், வெட்டி எறிந்த பனியன் துணியாற் பின்னிய தூளி ஒன்றும் தொங்கின. மறுபக்கத்துத் துப்பாக்கிகள் அப்படியே இருந்தன. அவற்றை என்ன செய்வது என்று அவன் என்னைக் கேட்கவில்லை, யானும் சொல்லவில்லை. அது செய்தவன் எண்ணித் துணிய வேண்டிய ஒன்று.

மாணவர்களே, நீங்களும் கைகளால் எதையேனும் செய்து பாருங்கள். முதன்முறை அது வீழ்ந்தால் நாணற்க. ஏன் வீழ்ந்தது என ஆராய்க. விடை உடனே கிடைக்காவிடின் நெஞ்சிற் காத்து வைக்க. அது மேலெழும் நாள் வரும். அந்நாளில், அதனை எதற்குப் பயன்படுத்துவது என்னும் வினாவும் உடன் வரும். அதற்குரிய விடையையும் இளமையிலேயே தேடிக்கொள்ளுதல் நன்று.